இருபத்தேழு வயதில் ஒரு விங்கர்

பலராம், சூசைராஜ், நந்தகுமார்: மூன்று ஆட்டக்காரர்களின் வாழ்க்கை பின்னலாடை நகருக்குச் சொல்வது என்ன?

கால்பந்தில் ‘விங்கர்’ என்பவர், மைதானத்தின் நீள எல்லைக்கோடுகளில் ஒன்றை ஒட்டி ஆடி, எதிரணியின் பக்கவாட்டுத் தடுப்பாளரை வேகத்தாலும் பந்துக் கட்டுப்பாட்டாலும் கடந்து சென்று, கோல் முகத்தில் காத்திருக்கும் சக வீரருக்குப் பந்தைத் தருபவர். வாய்ப்பு அமைந்தால் உட்புறமாக வெட்டித் திரும்பித் தாமே கோல் அடிப்பவர். அணியின் மற்ற இடங்களில் ஆடுவோருக்கு அனுபவம் கூடக்கூட மதிப்பு ஏறும். விங்கருக்கோ அனுபவம் ஏறும் அதே ஆண்டுகளில் கால்வேகம் குறையத் தொடங்கும். எனவே அவருடைய தொழில்வாழ்க்கை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சில ஆண்டுகளில் எத்தனை போட்டிகள் கிடைத்தன, நோயோ காயமோ வந்தபோது யார் தாங்கினார்கள், தேசிய அணியின் அழைப்பு எந்த வயதில் வந்தது என்பவையே அவர் எட்டும் உயரத்தைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து இந்தியாவின் தலைசிறந்த இடது விங்கர்களில் ஒருவராக உயர்ந்த துளசிதாஸ் பலராம், 27 வயதில் ஆட்டத்தையே கைவிட நேர்ந்தது. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்து கோயம்புத்தூரில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ், 26 வயதில் முழங்கால் காயத்தால் ஒரு பருவத்தையே இழந்தார். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் இந்திய அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கியதே 27 வயதில்தான். ஏறத்தாழ ஒரே வயதில் ஒருவருக்கு முடிவும், ஒருவருக்கு முறிவும், ஒருவருக்குத் தொடக்கமும் அமைந்திருப்பதை அவரவர் திறமையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கும் மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் வட்டாரம் அந்த ஏற்பாடுகளைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

செகந்தராபாத்திலிருந்து கல்கத்தா வரை

பலராம் 1936ஆம் ஆண்டு செகந்தராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிய அம்முகூடாவில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தார். படைமுகாம்களும் காவல்துறை அணிகளும் நிறைந்திருந்த ஹைதராபாத், அன்று இந்தியக் கால்பந்தின் தலையாய பயிற்சிக்களங்களில் ஒன்று. ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியையும் இந்திய அணியையும் ஒருங்கே வழிநடத்திய சையது அப்துல் ரஹீம் அங்கேதான் இருந்தார். பலராமின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம், அம்முகூடாவிலிருந்து நகருக்குப் பயிற்சிக்கு வந்துபோகப் பணமில்லாத அந்த இளைஞருக்குச் சைக்கிள் கிடைக்க வழிசெய்தார் என்பது பலராமே பலமுறை நினைவுகூர்ந்த செய்தி. ஒரு சைக்கிள் இல்லாததால் ஓர் ஆட்டக்காரர் காணாமற்போயிருக்கக்கூடும் என்பதையும், அதைக் கவனித்து உதவ ஒரு பயிற்சியாளர் போதுமானவராக இருந்தார் என்பதையும் இச்செய்தி ஒருசேரக் காட்டுகிறது.

அதன்பின் வளர்ச்சி விரைவாக நடந்தது. மாநில அணிகளுக்கான தேசியப் போட்டியாகிய சந்தோஷ் டிராபியில் ஹைதராபாத் அணிக்காக ஆடிய பலராம், 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் 20 வயதில் இடம்பெற்றார். 1957இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். கல்கத்தா லீக் மழைக்காலத்தை ஒட்டி நடப்பது. நீர் தேங்கிச் சேறான தரையில், நனைந்து கனத்த தோல் பந்தையும் உடலோடு ஒட்டிக்கொள்ளும் பருத்திச் சட்டையையும் வைத்துக்கொண்டு ஓரத்தில் ஓடுவது எத்தகைய உழைப்பு என்பதை எளிதில் ஊகிக்கலாம். அத்தகைய தரையில் ஆறு பருவங்கள் ஆடிய பலராம், ஈஸ்ட் பெங்காலுக்காக நூறு கோல்களுக்கு மேல் அடித்தார். 1961இல் அணித்தலைவராக இருந்து, லீகில் 23 கோல்களுடன் அதிக கோல் அடித்தவராகத் திகழ்ந்ததோடு, அணிக்குக் கல்கத்தா லீக் பட்டத்தையும், மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்ட ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் பெற்றுத் தந்தார்.

விங்கர் ஒருவர் இவ்வளவு கோல்கள் அடித்தது எப்படி என்பதை அறிய, அக்கால ஆட்ட அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து முன்கள வீரர்கள் ஒரே வரிசையில் நின்ற பழைய முறையில், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவர் ‘அவுட்சைட்’ என்றும், அவருக்கும் நடு முன்கள வீரருக்கும் இடையில் ஆடுபவர் ‘இன்சைட்’ என்றும் அழைக்கப்பட்டனர். பலராம் இடப்புற அவுட்சைட், இடப்புற இன்சைட், நடு முன்களம் ஆகிய மூன்று இடங்களிலும் ஆடும் ஆற்றல் பெற்றிருந்தார். ஓரத்தில் தொடங்கிய ஓட்டத்தை எந்தக் கணத்தில் உள்ளே திருப்ப வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்ததற்கு, இந்த மூன்று இடங்களிலும் பழகிய பழக்கமே காரணம். முன்களத்தில் நால்வரும் நடுக்களத்தில் இருவரும் ஆடும் 4-2-4 முறைக்கு ரஹீம் அணியை மாற்றியபோது, இத்தகைய பல்திறன் கொண்ட வீரர்களின் தேவை மேலும் கூடியது.

ரோமும் ஜகார்த்தாவும்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய அணிகளுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றது. அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்ற ஆட்டத்தில், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பலராம். பிரான்ஸுடன் ஆடிய ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற ஒரு நாடு, ஐரோப்பிய அணிகளை ஈடுகொடுத்து எதிர்கொள்ளும் நிலைக்கு வந்திருந்ததை இந்த ஆட்டங்கள் உலகுக்கு உணர்த்தின.

அந்த வளர்ச்சியின் உச்சம் 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் வென்றது. இவ்விரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தவர்களின் பட்டியலில் பலராமின் பெயர் இருக்கிறது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வீழ்த்திய அணி, செப்டம்பர் 4ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில், இந்தியாவுக்கு எதிராக ஆர்ப்பரித்த பெருங்கூட்டத்தின் நடுவே அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. வலப்புறம் பி.கே. பானர்ஜி, நடுவில் அணித்தலைவர் சுனி கோஸ்வாமி, இடப்புறம் பலராம் என அமைந்த அந்த முன்களம், இந்தியக் கால்பந்து வரலாற்றில் இன்றளவும் விஞ்சப்படாதது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.

இவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்த ஆண்டே பலராமின் ஆட்டவாழ்க்கை முடிந்துபோனது. 1963இல் பி.என்.ஆர். எனப்பட்ட ரயில்வே அணிக்கு மாறிய அவர், நுரையீரல் நோயால் மருத்துவர்களின் அறிவுரைப்படி ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 27. அன்றைய இந்தியாவில் ஆட்டக்காரர்களுக்கு இன்றுள்ளது போன்ற எழுத்துப்பூர்வமான தொழில்முறை ஒப்பந்தம் கிடையாது. ரயில்வே, காவல்துறை, துறைமுகம், சுங்கம் போன்ற நிறுவனங்களில் கிடைத்த வேலையே வீரர்களுக்கு மாதச் சம்பளமாகவும் மருத்துவக் காப்பாகவும் முதுமைக்கால ஆதரவாகவும் விளங்கியது. பி.கே. பானர்ஜி தம் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியிலும் கிழக்கு ரயில்வே அணியிலேயே ஆடியதும், புகழின் உச்சியில் பெரிய கிளப்பை விட்டுப் பலராம் ரயில்வே அணிக்குச் சென்றதும் இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ளத்தக்கவை. 1962இல் அர்ஜுனா விருது பெற்ற பலராம், வங்காளத்தின் உத்தர்பாராவில் தம் பிற்கால வாழ்க்கையைக் கழித்து, 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார். அவர் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை என்பது தமிழ்நாட்டில் பலருக்கு இன்றும் தெரியாத செய்தியாகவே இருக்கிறது.

கொங்கு மண்ணில் ஒரு பட்டம்

திருப்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்கும் இந்தியக் கால்பந்து வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சென்னை சிட்டி அணி 2017-18ஆம் பருவத்திலிருந்து இந்த அரங்கத்தையே தன் சொந்த மைதானமாகக் கொண்டு, தேசிய அளவிலான ஐ-லீகில் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், மினர்வா பஞ்சாப் அணியிடம் முதலில் ஒரு கோல் பின்தங்கியிருந்த சென்னை சிட்டி, பின்னர் 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பலராம் தலைமை தாங்கிய கிளப்பின் கைக்கு எட்டிய பட்டத்தைக் கொங்கு மண்ணில் ஆடிய ஓர் அணி தட்டிச்சென்றது என்பது இவ்வட்டாரத்து மக்கள் பெருமையோடு நினைத்துப்பார்க்க வேண்டிய நிகழ்ச்சி.

அந்த அணி கோயம்புத்தூருக்கு வந்த முதல் பருவத்தில் அதன் இடப்புறத்தில் ஒளிவீசியவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் அவர். கடற்கரை மணலில் பந்தாடி வளர்வோருக்குக் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் ஏறும் உரமும், கால் புதையும் தரையில் பந்தைத் தன்வசம் வைத்திருக்கும் பழக்கமும் விங்கருக்கு வேண்டிய அடிப்படைகள். 2017-18 ஐ-லீகின் சிறந்த நடுக்கள வீரராகத் தேர்வான சூசைராஜ், அடுத்த பருவத்தில் ஜாம்ஷெட்பூர் அணிக்கும், பின்னர் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் சென்றார். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். 2020 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்ற ஏ.டி.கே. அணியில் அவரும் இருந்தார்.

2020 நவம்பர் 20 அன்று, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், முதல் கால்மணி நேரத்துக்குள்ளேயே அவருடைய முழங்கால் தசைநார் காயமுற்றது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திசை மாறுவதுதான் விங்கரின் முதன்மை ஆயுதம். ஊன்றிய காலின் மேல் உடல் திரும்பும் அந்தக் கணத்தில் தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் பிணைக்கும் தசைநாரின் மீது பெரும் அழுத்தம் விழுவதால், தடுப்பாளரை ஏமாற்றும் அதே அசைவு விங்கரின் முழங்காலையும் பதம் பார்க்கிறது. இத்தகைய காயத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்தால், மீண்டும் களம் காண ஏழெட்டு மாதங்களிலிருந்து ஓராண்டு வரை ஆகும். முன்னிருந்த வேகமும், காலை அஞ்சாமல் ஊன்றும் துணிவும் திரும்ப அதற்கும் மேல் காலம் பிடிக்கும். பத்தாண்டுத் தொழில்வாழ்க்கையில் இது பெரும் இழப்பு. கோயம்புத்தூருக்குப் பட்டம் தந்த சென்னை சிட்டி அணியும் சில ஆண்டுகளிலேயே தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்தது. பட்டம் பெற்ற அணியைக் காப்பாற்றிவைக்கத் தொழில்வளம் மிக்க ஒரு வட்டாரத்தால் இயலாமற்போனது வருந்தத்தக்கது.

தாமதமாக வந்த அழைப்பு

1995 டிசம்பரில் பிறந்த நந்தகுமார் சேகர், சென்னை உள்ளூர் லீகில் தொடங்கி, சென்னை சிட்டி அணியின் வழியாக 2017இல் டெல்லி டைனமோஸ் அணிக்குச் சென்றவர். அந்தக் கிளப் 2019இல் புவனேஸ்வரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனபோது, அவரும் அங்கே தொடர்ந்தார். 2023 ஏப்ரலில் ஒடிசா சூப்பர் கோப்பையை வென்றதில் அவருடைய பங்கு கவனம் பெற்றது. ஜூனில் புவனேஸ்வரத்தில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் இந்திய அணியின் சட்டையை முதன்முதலாக அணிந்தார். ஓரத்து ஆட்டக்காரரின் வேகம் உச்சத்தில் இருக்கும் 22, 23 வயதில் வந்திருக்க வேண்டிய அழைப்பு, ஐந்தாறு பருவங்கள் பொறுமையுடன் ஆடிய பின்னரே வந்தது.

அவ்வாண்டு அவர் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை எதிர்கொண்டபோது, ஈஸ்ட் பெங்கால் அந்தப் பரம்பரை எதிரியை வென்று நான்கரை ஆண்டுகள் ஆகியிருந்தன; தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோல்வி. 60ஆவது நிமிடத்தில் வலப்புறம் பந்தைப் பெற்ற நந்தகுமார், தம்மை மறிக்க வந்த அனிருத் தாபாவை எல்லைக்கோட்டின் பக்கம் செல்வதுபோல் இழுத்துவிட்டு, உள்ளே வெட்டித் திரும்பி, இடது காலால் வளைத்து அடித்த பந்து தூரக் கம்பத்தை ஒட்டி வலைக்குள் இறங்கியது. ஓரத்தில் ஓடி மையத்துக்குப் பந்து தருவதே பழைய விங்கரின் வேலையாக இருக்க, உள்ளே திரும்பித் தானே அடிப்பது இக்காலத்து முறை; ஒரே ஆட்டக்காரர் இரண்டுக்கும் தயாராக இருக்கும்போது, தடுப்பாளர் எந்தப் பக்கத்தை மூடுவது என்று தடுமாறுகிறார். ஆட்டம் 1-0 என முடிந்தது.

2024 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில், தம் முன்னாள் அணியான ஒடிசாவுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது சமன் கோலை அடித்தவரும் அவரே. கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்ற ஈஸ்ட் பெங்காலுக்கு அது 12 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தேசியப் பட்டம். ஆனால் இன்றைய தொழில்முறை ஏற்பாடும் உறுதியானதல்ல. லீகை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தப் புதுப்பிப்பில் தெளிவு ஏற்படாததால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. நிர்வாகிகள் பேசித் தீர்க்க எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மாதமும் விங்கரின் சில ஆண்டுக் கணக்கிலிருந்தே கழிகிறது.

திருப்பூர் செய்யக்கூடியது

திருப்பூர், அவினாசி, பெருமாநல்லூர், பல்லடம் பகுதிகளில் விளையாட்டுச் சட்டைகள் தைக்கும் நிறுவனங்கள் பல. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையை கிராமில் சொல்லும் ஜி.எஸ்.எம். அளவில் ஏறத்தாழ 140 முதல் 160 வரையுள்ள, நுண்துளைகளோடு பின்னப்பட்ட பாலியஸ்டர் துணி, வியர்வையைத் தேக்காமல் வெளிப்புறத்துக்குக் கடத்தி விரைவில் உலர்கிறது. காகிதத்தில் அச்சிட்ட வண்ணத்தை வெப்பத்தால் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் பெயரும் எண்ணும் பதிவதால், அச்சின் கனம் சட்டையில் ஏறுவதில்லை. மழையில் ஊறிய பருத்திச் சட்டையோடு ஓடிய பலராமின் காலத்திலிருந்து ஆட்டக்காரரின் உடை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் மிஷினிலும் செக்கிங்கிலும் வேலை செய்யும் தொழிலாளர்கள் கையால் தொட்டு அறிந்திருக்கிறார்கள். அந்தச் சட்டையை அணிந்து ஆடும் வாய்ப்பும் அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

அதற்கான ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து குடிவந்த குடும்பங்களுடன், கால்பந்து ஊறிய ஒடிசா, ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்க மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களும் இந்நகரில் பெருந்தொகையாக வாழ்கின்றனர். இல்லாதது காலம். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணியைத் தொடும் ‘ஒன்றரை ஷிப்ட்’ முடிந்து வரும் 17 வயது இளைஞரால் பயிற்சிக்குப் போக இயலாது; சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிறு ஒன்றே அவருக்குரியது. கோடை விடுமுறையில் நான்கு நாள் நடத்தி, கோப்பை கொடுத்து முடிக்கும் நாக்-அவுட் போட்டியில், தோற்ற அணிக்கு ஓர் ஆட்டமே மிஞ்சுகிறது. தடுப்பாளரைக் கடக்கும் கலையோ பல வகைத் தடுப்பாளர்களை வாரந்தோறும் எதிர்கொண்டு, இழந்த பந்துகளிலிருந்து பாடம் கற்று வளர்வது. எட்டு மாதங்கள் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு லீக், எத்தனை கோப்பைப் போட்டிகளாலும் தர முடியாத பயிற்சியைத் தரும்.

இதில் பெண்களை விட்டுவிட முடியாது. பின்னலாடைத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். தமிழ்நாட்டு மகளிர் அணியோ 2018இலும் 2023இலும் தேசியப் பட்டத்தை வென்றிருக்கிறது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. வாய்ப்புக் கிடைத்த இடங்களில் தமிழ்ப் பெண்கள் சாதித்துக் காட்டியிருக்கும்போது, அவர்களை அதிகமாக வேலைக்கு வைத்திருக்கும் ஊர் பின்தங்கியிருக்கக் கூடாது.

மூன்று விங்கர்களின் வாழ்க்கையிலிருந்து மூன்று தேவைகள் தெளிவாகின்றன. பலராமுக்குச் சைக்கிள் கிடைக்கச் செய்தவரைப் போல், திறமையை இளமையிலேயே கண்டு, பயணச் செலவையும் உணவையும் ஏற்கும் பயிற்சியாளர்கள் வேண்டும். சூசைராஜின் முழங்கால் உணர்த்துவதுபோல், உள்ளூர் லீகில் ஆடும் ஒவ்வொருவருக்கும் காயக் காப்பீடும், மீளும் காலத்துக்கு வேலை உறுதியும் வேண்டும். நந்தகுமாரின் காத்திருப்பு காட்டுவதுபோல், 16 வயதிலிருந்தே தேர்வாளர்களின் கண்ணில் படும்படியான இடையறாத போட்டிகள் வேண்டும். இவை எவற்றுக்கும் பெரும் அரங்கங்கள் தேவையில்லை. பள்ளி, கல்லூரி மைதானங்களும், ஒப்புக்கொண்ட அட்டவணையும், பயிற்சி பெற்ற நடுவர்களும், ஞாயிற்றுக்கிழமையை ஓவர்டைமுக்கு எடுத்துக்கொள்ளாத நிறுவனங்களுமே போதும். ரயில்வே ஒரு காலத்தில் செய்ததை இன்று பனியன் கம்பெனிகள் செய்யலாம்: வேலையும் கொடுத்து ஆடவும் விடலாம். தொழிலதிபர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் ஒன்றாக அமர்ந்து, வரும் பருவத்துக்கே இந்த ஞாயிறு லீகைத் தொடங்க வேண்டும். இன்று 15 வயதில் இருக்கும் ஒரு விங்கருக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளில் 27 வயதாகிவிடும்.